எஃப்டி அடகு வைத்து கிரெடிட் கார்டு எடுத்தால் சிசிரிஸ் சரியாகுமா?

செந்தூல்காரன் கேட்டது:

வணக்கம். வேலை கோலாலம்பூரில். மாதச் சம்பளம் 2,800 ரிங்கிட், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஒழுங்காகப் போகிறது. காடி (கார்) லோன் மாதம் 480, பிடிபிடிஎன் (அரசு உயர்கல்விக் கடன்) மாதம் 150. பழைய பெர்சனல் லோன் ஒன்று முழுவதும் கட்டி முடிந்துவிட்டது. சிக்கல் காடி லோனில்தான். நடுவில் மூன்று தவணை விட்டுப்போனது. அதற்குப் பிறகு மாதாமாதம் 480 தவறாமல் போகிறது. ஆனாலும் பேங்க் நெகாரா (மத்திய வங்கி) வைத்திருக்கும் கடன் பதிவேடான சிசிரிஸ் அறிக்கையில் ஏழு மாதமாக 3, 3, 3 என்றே நிற்கிறது. கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தால் நிராகரிப்பு.

கையில் 3,000 ரிங்கிட் இருக்கிறது. அதை எஃப்டியில் (நிலையான வைப்பில்) போட்டு, அந்த எஃப்டியைப் பிணையாக வைத்து கார்டு எடுத்தால் பெயர் சீராகும் என்று அமெரிக்கா பக்கத்து வீடியோக்கள் நிறையச் சொல்கின்றன. இங்கே அது நடக்குமா? நடக்குமென்றால் எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே தவறும்? விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் கணக்கர்:

தம்பி, அந்த 3,000-ஐ இப்போதைக்கு எஃப்டியில் போடாதீர்கள். முதலில் அந்த 3 ஏன் அசையாமல் நிற்கிறது என்று பாருங்கள்.

சிசிரிஸில் ஒவ்வொரு மாதக் கட்டத்திலும் வரும் எண், அந்த மாதக் கடைசியில் எத்தனை தவணை பாக்கி என்பதுதான். நீங்கள் இந்த மாதம் கட்டும் 480, மூன்று மாத பாக்கியில் மிகப் பழையதைத் தீர்க்கிறது. அதே மாதத்துக்குரிய புதுத் தவணை பாக்கியாகிறது. ஒன்று போனால் ஒன்று வருகிறது, ஆகவே எண் மாறாது. இப்படியே ஐந்து வருடம் தவறாமல் கட்டினாலும் 3 தான் வரும். 'மாதாமாதம் கட்டுகிறேனே, ஏன் லோன் கிடைக்கவில்லை' என்று கேட்பவர்களில் பலருடைய சிக்கல் இதுதான்.

மூன்று தவணை பாக்கி 1,440. அதன் மேல் தாமதக் கட்டணம் ஏறியிருக்கும். நோட்டீஸ் அனுப்பியிருந்தால் அந்தச் செலவும் சேர்ந்திருக்கும். கிளைக்குப் போய் அல்லது காடி லோன் பிரிவுக்கு அழைத்து, பாக்கித் தவணை எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு, மற்றச் செலவு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகை மட்டும் சொன்னால் போதாது. தவணையைத் தீர்த்துவிட்டு 60, 70 ரிங்கிட் தாமதக் கட்டணத்தை விட்டுவைத்தால், அடுத்து கட்டும் பணத்திலிருந்து வங்கி அதை முதலில் எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது தவணையில் அந்த அளவு குறைந்து, மறுபடி 1 வந்து நிற்கும்.

மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டுங்கள். உங்களிடம் பணம் இருக்கிறது. இல்லாதவர்களுக்கு வேறு கணக்கு: 480-க்குப் பதில் 720 கட்டினால் மாதம் 240 பழைய பாக்கியில் குறையும், ஆறு மாதத்தில் 1,440 தீரும். மெதுவான வழி, ஆனால் வழி.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காடி லோன் 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வருகிறது. தொடர்ந்து இரண்டு தவணை விட்டாலே, 21 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு காடியை இழுக்கும் நடவடிக்கையை அவர்கள் தொடங்கலாம். மொத்த விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் மட்டும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். மூன்றில் நிற்பது எந்த நேரமும் ஆபத்துதான். அதனால் கார்டைப் பற்றி யோசிக்கும் முன் இதை முடியுங்கள்.

பிடிபிடிஎன்னும் சிசிரிஸில் வருகிறது. அந்த வரியில் என்ன எண் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. அதையும் பாருங்கள். மாதம் 150 கட்டுவது வேறு, பிடிபிடிஎன் அட்டவணையில் இருக்கும் தொகை வேறு என்றால் அங்கேயும் இதே கதைதான் நடக்கும். அட்டவணைத் தொகை கட்டுப்படியாகவில்லை என்றால் மறு அட்டவணைக்கு எழுதிக் கேளுங்கள். நீங்களாகக் குறைத்துக் கட்டாதீர்கள்.

ஜாலான் ஈப்போ:

மேலே அண்ணன் சொன்ன வரிசைதான் சரி. நான் எஃப்டி கார்டு பற்றிய பகுதிக்கு வருகிறேன்.

அமெரிக்க வீடியோக்களில் சொல்வது அந்த ஊர்க் கணக்கு. அங்கே தாமதமாகக் கட்டிய பதிவு ஏழு வருடம் அறிக்கையில் கிடக்கும். அதன் மேல் நல்ல பதிவுகளை அடுக்கி அடுக்கித்தான் மதிப்பெண்ணை மீட்க வேண்டும். அதற்கென்றே வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு கொடுக்கும் கார்டுகள் கடைச்சரக்குபோல விளம்பரமாகின்றன. நம் நாட்டு சிசிரிஸ் அப்படி இல்லை. பேங்க் நெகாரா நடத்தும் அந்தப் பதிவேட்டில் கடைசி 12 மாதம்தான் தெரியும். அதில் மதிப்பெண் என்று எதுவும் கிடையாது, 'கறுப்புப் பட்டியல்' என்றும் ஒன்று கிடையாது. எண்கள் இருக்கும், அவற்றைப் பார்த்து ஒவ்வொரு வங்கியும் தன் முடிவை எடுக்கும்.

இதில் உங்களுக்கு நல்ல செய்தி ஒன்று: பாக்கியைத் தீர்த்த மாதத்திலிருந்து 0 விழத் தொடங்கும், பழைய 3-கள் மாதம் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போய் மறையும். வங்கிகள் ஒரு மாதக் கணக்கை அடுத்த மாதம் 15-க்குள் ஏற்றும். ஓர் எடுத்துக்காட்டு: கடைசியாக 3 விழுந்தது மார்ச் மாதம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் ஏப்ரல் நடுவில் எடுக்கும் அறிக்கையில் ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு கட்டமும் 0 ஆக இருக்கும். அதற்கு எந்தக் கார்டும் தேவையில்லை.

அப்படியென்றால் எஃப்டி கார்டு எதற்கு? மூன்று சந்தர்ப்பங்களில் அது உண்மையாகவே உதவும். கடன்களெல்லாம் கட்டி முடிந்து, சிசிரிஸ் வெறுமையாக இருப்பவருக்கு. கட்டி முடித்த கணக்கு பட்டியலிலிருந்து போய்விடும் என்பதால் நல்ல பதிவும் கூடவே போய்விடுகிறது. அடுத்து, சொந்தத் தொழில் செய்து பே ஸ்லிப் இல்லாதவருக்கு. மூன்றாவது உங்களைப் போன்றவர்: ஒரு கடனில் கறை இருக்கிறது, கிரெடிட் கார்டு போன்ற சுழல் கடனை ஒழுங்காகக் கையாண்டதற்குச் சான்று வேறெதுவும் இல்லை. காடி லோனில் பன்னிரண்டு சுழியம் ஓடும் அதே காலத்தில் கார்டிலும் பன்னிரண்டு சுழியம் ஓடினால், வீட்டுக் கடன் அதிகாரி பார்க்கும் பக்கம் வேறு மாதிரி இருக்கும்.

நடைமுறை இப்படி. இங்கே பெரும்பாலான வங்கிகள் இதைத் தனிக் கார்டாக விளம்பரம் செய்வதில்லை. சாதாரண கார்டையே எஃப்டி பிணையின் பேரில் கொடுப்பார்கள். ஆன்லைன் படிவத்தில் அதற்கான இடமே இருக்காது. ஆன்லைனில் விண்ணப்பித்தால் கணினி பழைய 3-ஐப் பார்த்துத் தட்டிவிடும். கிளைக்குப் போய், 'எஃப்டி பிணை வைத்து கார்டு வேண்டும்' என்று வாயால் கேட்க வேண்டும். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் கிளை அதிகாரியைப் பார்க்கக் கேளுங்கள்.

ஐசி (அடையாள அட்டை), மூன்று மாத பே ஸ்லிப், இபிஎஃப் அறிக்கை, சம்பளம் வரும் கணக்கின் அறிக்கை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சொந்தத் தொழில் என்றால் எஸ்எஸ்எம் (நிறுவன ஆணையம்) பதிவு, வருமான வரிப் படிவம், வரி கட்டிய ரசீது, ஆறு மாத வங்கி அறிக்கை. காடி லோன் பாக்கி தீர்ந்ததற்கான கடிதமோ அறிக்கையோ இருந்தால் கட்டாயம் வையுங்கள்; சிசிரிஸ் புதுப்பிக்கப்படும் முன் போனால் அதுதான் உங்களுக்குச் சாட்சி.

எஃப்டியை அந்த வங்கியிலேயே, உங்கள் ஒருவர் பெயரிலேயே போட வேண்டும். கைப்பேசிச் செயலியில் போட்ட எஃப்டியைப் பிணையாக எடுக்காத வங்கிகள் உண்டு. ஆகவே பணத்தைப் போடும் முன்பே கேளுங்கள், போட்ட பிறகு கேட்டால் முதிர்வு வரை காத்திருக்க வேண்டிவரும். கூட்டுப் பெயரில் இருந்தால் மற்றவரும் கையெழுத்திட வேண்டும். பிணைப் பத்திரத்தில் நீங்கள் ஒப்புக்கொள்வது இதுதான்: கார்டு பாக்கியைக் கட்டாவிட்டால் எஃப்டியிலிருந்து வங்கி எடுத்துக்கொள்ளலாம், அதுவரை அந்தப் பணத்தை நீங்கள் தொட முடியாது. வட்டி உங்களுக்குத்தான் வரும். அந்தப் பணம் பிஐடிஎம் (வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) காப்பில்தான் இருக்கும், ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை.

கையெழுத்துப் போடும் முன் அதிகாரியிடம் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எஃப்டியில் எத்தனை விழுக்காடு கார்டு வரம்பாகக் கிடைக்கும், முதிர்வில் எஃப்டி தானாகப் புதுப்பிக்கப்படுமா, எத்தனை மாதம் கழித்துப் பிணையை விடுவிக்க மறுபரிசீலனை கேட்கலாம், ஆண்டுக் கட்டணம் உண்டா. வருட வருமானம் 36,000 அல்லது அதற்குக் குறைவு என்றால் இரண்டு வங்கிகளின் கார்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது, ஒரு வங்கியின் வரம்பு மாதச் சம்பளத்தில் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது என்பது பேங்க் நெகாரா விதி. உங்கள் சம்பளம் 2,800 என்பதால் அந்த விதிக்குள் வருகிறீர்கள். ஆகவே எந்த வங்கியில் எடுப்பது என்று யோசித்து எடுங்கள். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கப்போகும் வங்கியாக இருந்தால் நல்லது.

செந்தூல்காரன்:

ரொம்ப நன்றி அண்ணா. எண் அசையாததன் காரணம் இப்போதுதான் புரிகிறது. பாக்கியைக் கட்டினால் கையில் ஏறக்குறைய 1,500 மிஞ்சும். அது எஃப்டிக்குப் போதுமா? இன்னும் இரண்டு சந்தேகம். மனைவியின் கார்டில் துணைக் கார்டு எடுத்தால் என் சிசிரிஸில் நல்ல பதிவு ஏறாதா? பேஸ்புக்கில் ஓர் ஏஜென்ட் 800 ரிங்கிட்டுக்கு சிசிரிஸை 'கிளியர்' செய்து தருகிறேன் என்கிறார். அதை நம்பலாமா?

ஆயர் ஈத்தாம் அக்கா:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: நம்பாதீர்கள், ஒரு காசும் கொடுக்காதீர்கள், ஐசி படத்தையும் அனுப்பாதீர்கள். சிசிரிஸில் எண்ணை மாற்றுவது கடன் கொடுத்த வங்கி மட்டும்தான், அதுவும் உண்மையில் தவறாகப் பதிவாகியிருந்தால்தான். பணம் வாங்கிக்கொண்டு யாரும் அழிக்க முடியாது. இவர்களில் சிலர் செய்வது இன்னும் மோசம்: உங்கள் ஐசியையும் பே ஸ்லிப்பையும் வாங்கி, வட்டி முதலைகளிடம் உங்கள் பெயரில் கடன் போட்டு பழைய பாக்கியைக் கட்டுவார்கள். சிசிரிஸ் சுத்தமாகத் தெரியும், ஆனால் வட்டி முதலைகளின் மிரட்டலாக வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் விழும். உங்கள் அறிக்கையை பேங்க் நெகாராவின் இசிசிரிஸ் இணையத் தளத்தில் நீங்களே இலவசமாக எடுக்கலாம். நேரில் கேட்க வேண்டுமென்றால் பினாங்கில் லைட் ஸ்திரீட்டில் பேங்க் நெகாரா அலுவலகம் இருக்கிறது.

துணைக் கார்டு: அதன் கடன் முதன்மைக் கார்டுக்காரர் பேரில்தான் பதிவாகும். உங்கள் சிசிரிஸில் அதனால் ஒன்றும் ஏறாது. நீங்கள் அதிகம் செலவழித்தால் மனைவியின் பெயரில்தான் கடன் பெருகும். டெபிட் கார்டு, மின்பணப்பை கொடுக்கும் ப்ரீபெய்ட் கார்டு எல்லாம் இதே வகைதான். அது உங்கள் பணம், கடன் இல்லை. ஆகவே சிசிரிஸில் வராது.

1,500 போதுமா என்பது வங்கியைப் பொறுத்தது. எஃப்டி தொடங்குவதற்கே பல வங்கிகளில் ஒரு மாத வைப்புக்கு 5,000 வேண்டும், இரண்டு மாதமும் அதற்கு மேலும் என்றால் 500 அல்லது 1,000 போதும். கார்டு பிணைக்கான குறைந்த தொகையைத் தனியாக வைத்திருப்பார்கள். 1,500 போதாது என்று சொன்னால் அவசரப்படாமல் மாதம் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, காடி லோனில் ஆறு சுழியம் விழுந்த பிறகு போங்கள். விண்ணப்பத்தின் பலமும் அப்போது கூடும். ஒன்று மட்டும்: அவசரச் செலவுக்கு வைத்த கடைசிப் பணத்தை எஃப்டியில் பூட்டாதீர்கள். டயர் வெடித்தாலோ பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ காடித் தவணையில் கை வைக்க நேரும், மறுபடி 1 விழும்.

கார்டு கைக்கு வந்த பிறகு எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் முக்கால்வாசி வேலை. வரம்பு 1,200 என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கைப்பேசி பில்லோ வீட்டு இணையப் பில்லோ, மாதம் 100 சொச்சம் வரும் ஒன்றை மட்டும் அதில் போடுங்கள். அறிக்கை வந்ததும் முழுத் தொகையையும் கட்டுங்கள். குறைந்தபட்சத் தொகை கட்டாதீர்கள். குறைந்தபட்சம் என்பது பொதுவாக நிலுவையில் 5 விழுக்காடு அல்லது 50 ரிங்கிட், எது அதிகமோ அது. அதைக் கட்டினால் சிசிரிஸில் 0 தான் விழும், அந்த அளவில் தப்பில்லை. ஆனால் முழுத் தொகை கட்டினால்தான் வட்டியில்லாத 20 நாள் சலுகை. கட்டாவிட்டால் செலவு பதிவான நாளிலிருந்தே வட்டி. வட்டி மூன்று படி: 12 மாதம் தொடர்ந்து நேரத்தோடு கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, 12-இல் 10 மாதமாவது கட்டியவருக்கு 17, மற்றவருக்கு 18. எஃப்டியில் உங்களுக்குக் கிடைக்கும் வட்டி இதன் பக்கத்தில் கூட வராது. ஆகவே கார்டில் கடன் சுமந்துகொண்டு எஃப்டியையும் வைத்திருப்பது ஒவ்வொரு மாதமும் நட்டம். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள், அதற்குக் கட்டணமும் உண்டு, அன்றைக்கே வட்டியும் தொடங்கும்.

கெடு நாளைக்கு மூன்று வேலை நாள் முன்னதாகக் கட்டுங்கள். வேறு வங்கியிலிருந்து ஜோம்பே என்ற பில் கட்டும் சேவையில் கட்டினால் அன்றைக்கே போய்ச் சேரும் என்று எண்ண வேண்டாம். தைப்பூசம், சீனப் புத்தாண்டு போன்ற விடுமுறைகள் வார இறுதியோடு சேர்ந்து வரும்போது இதில்தான் பலர் தவறுகிறார்கள். அதே வங்கியில் சேமிப்புக் கணக்கு இருந்தால் முழுத் தொகையும் தானாகக் கழியும்படி எழுதிக்கொடுக்கலாம். படிவத்தில் 'குறைந்தபட்சம்', 'முழுத் தொகை' என்று இரண்டு கட்டம் இருக்கும், சரியானதில் குறியிடுங்கள். கணக்கில் பணம் இல்லாவிட்டால் அந்த ஏற்பாடு வேலை செய்யாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

தாமதமானால் நிலுவையில் 1 விழுக்காடு, குறைந்தது 10 ரிங்கிட், அதிகபட்சம் 100. பணத்தை விட வலிப்பது சிசிரிஸ். கெடு தாண்டி மாதக் கடைசியும் தாண்டினால் 1 விழும்.

இனி நான் சொல்லப்போவதை வீடியோக்களில் யாரும் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு கார்டுக்கும் வருடத்துக்கு 25 ரிங்கிட் சேவை வரி உண்டு, 2018 செப்டம்பரிலிருந்து. கார்டைப் பயன்படுத்தாவிட்டாலும் வரும். 'கார்டை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள், பெயர் தானாக நன்றாகிவிடும்' என்று சொல்வதைக் கேட்டு வைத்தவர்களுக்கு, ஒரு வருடம் ஆனதும் அந்த 25 அறிக்கையில் ஏறும். மின்னஞ்சலில் வரும் அறிக்கையை யார் பார்க்கிறார்கள்? இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 25 ரிங்கிட்டுக்காக சிசிரிஸில் 2 நிற்கும். பார்க்கும் வங்கிக்கு அந்த எண் 25-க்கா 2,500-க்கா என்பது இரண்டாம் பட்சம். ஆகவே கார்டு வந்த மாதத்தைக் குறித்துவைத்து, ஒவ்வொரு வருடமும் அந்த மாதம் கவனமாகப் பாருங்கள்.

பட்டர்வொர்த் கணக்கர்:

அக்கா சொன்ன 25 ரிங்கிட் விஷயத்தைத் தயவுசெய்து எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையில் நடப்பது.

இன்னொரு நுணுக்கம் சேர்க்கிறேன். சிசிரிஸில் கார்டின் வரம்பும், மாதக் கடைசி நிலுவையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். உங்கள் அறிக்கைத் தேதி 20 என்றும் கெடு அடுத்த மாதம் 10 என்றும் இருந்தால், மாதக் கடைசியில் அந்த நிலுவை அப்படியே பதிவாகும். 1,200 வரம்பில் 1,100 நிலுவை என்று மாதாமாதம் தெரிந்தால், முழுவதும் கட்டுபவராக இருந்தாலும், கார்டை நெருக்கிப் பிடித்து வாழ்பவர் என்ற தோற்றம் வரும். பெரிய செலவு போட்டிருந்தால் கெடுவுக்குக் காத்திராமல் மாதக் கடைசிக்கு முன்பே கட்டிவிடுங்கள். 30 விழுக்காட்டுக்குள் வைப்பது நல்ல பழக்கம், 1,200-இல் 360.

சிடோஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. அது பேங்க் நெகாரா இல்லை, தனியார் நிறுவனம். 2010-ஆம் ஆண்டு கடன் அறிக்கை முகமைச் சட்டத்தின் கீழ் இயங்குவது. சிசிரிஸ் விவரத்தோடு வழக்கு, திவால், கம்பெனிப் பதிவு எல்லாம் சேர்த்து 300 முதல் 850 வரை மதிப்பெண் போடும். 697-ம் அதற்கு மேலும் நல்லது, 651 முதல் 696 வரை நடுத்தரம், 529-க்குக் கீழே மோசம் என்பது அவர்கள் வகுத்திருக்கும் படி. மதிப்பெண்ணில் 45 விழுக்காடு கட்டிய ஒழுங்குக்கு, 20 விழுக்காடு எவ்வளவு கடன் என்பதற்கு, கடன் வகைக்கும் புதுக் கடன் தேடலுக்கும் 14, 14, கடன் வரலாற்றின் நீளத்துக்கு 7. அமெரிக்க வீடியோக்கள் 'பழைய கார்டை மூடாதே, வயது போய்விடும்' என்று வற்புறுத்துவது இங்கே அவ்வளவு பெரிய விஷயம் இல்லை என்பது அந்த 7-லேயே தெரிகிறது. கட்டும் ஒழுங்குதான் பாதி.

பெர்சனல் லோன் முடிந்துவிட்டது என்கிறீர்கள். அதற்காக எப்போதாவது வழக்கு போட்டிருந்தார்களா? போட்டிருந்தால் சிசிரிஸில் மறைந்தாலும் சிடோஸில் வழக்கு அப்படியே நிற்கும். பணம் கட்டிய செய்தி தானாகப் போய்ச் சேராது. வங்கியிடம் தீர்வுக் கடிதம் வாங்கி, சிடோஸுக்கு அனுப்பி, நிலையைப் புதுப்பிக்கக் கேளுங்கள். வழக்கு இல்லாவிட்டாலும் அந்தக் கடிதம் கையில் இருக்கட்டும்.

ஜாலான் ஈப்போ:

விண்ணப்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிசிரிஸில் நிராகரித்த விண்ணப்பம் தெரியாது. ஏற்றதும், இன்னும் பரிசீலனையில் இருப்பதும் தெரியும். ஒரே வாரத்தில் ஐந்து வங்கிக்கு விண்ணப்பித்தால் ஐந்தாவது வங்கிக்கு நான்கு 'நிலுவையில்' கண்ணில் படும். பணத்துக்கு அலைகிறார் என்று நினைப்பார்கள். சிடோஸ் மதிப்பெண்ணிலும் புதுக் கடன் தேடலுக்கு 14 விழுக்காடு எடை இருப்பதை மேலே அண்ணன் எழுதியிருக்கிறார். ஒரு வங்கி, ஒரு விண்ணப்பம், பதில் வரும் வரை பொறுங்கள்.

கணக்குத் தவறாகப் பதிவாகியிருந்தால் முதலில் அந்த வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள், பணம் கட்டிய ரசீதுகளோடு. பதில் வராவிட்டால் பேங்க் நெகாராவின் பொதுமக்கள் சேவைப் பிரிவான பிஎன்எம் லிங்க். பதில் வந்தும் திருப்தி இல்லை என்றால் நிதிச் சந்தை முறையீட்டு அமைப்பு இருக்கிறது, 2025 ஜனவரியிலிருந்து எஃப்எம்ஓஎஸ் என்ற பெயரில்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:

இதே நிலைமையில் இருக்கும் மற்றவர்களுக்காகக் கேட்கிறேன். இரண்டு மூன்று கடனும் பாக்கியில் இருந்து, எஃப்டி போட 1,000 கூட இல்லாதவர் என்ன செய்வது?

ஆயர் ஈத்தாம் அக்கா:

ஏகேபிகே (கடன் ஆலோசனை, நிர்வாக முகமை) போகச் சொல்லுங்கள் தங்கச்சி. 2006-இல் பேங்க் நெகாரா அமைத்தது. ஆலோசனையும் இலவசம், கடன் நிர்வாகத் திட்டமும் இலவசம். வரவு செலவுகளைப் பார்த்து, வங்கிகளோடு பேசி, எல்லாக் கடனையும் கட்டக்கூடிய ஒரு மாதத் தொகைக்குக் கொண்டுவருவார்கள். கட்டணம் கேட்கும் 'ஏகேபிகே ஏஜென்ட்' யாராக இருந்தாலும் மோசடிக்காரர்.

அதற்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. திட்டத்தில் இருக்கும் வரை புதுக் கடனோ கார்டோ எடுக்க முடியாது, எஃப்டி பிணை வைத்தாலும்தான். சிசிரிஸிலும் அந்தக் கணக்குகள் ஏகேபிகேயின் கீழ் இருப்பது தெரியும். ஆனால் மாதாமாதம் எண் ஏறிக்கொண்டே போய் வழக்கில் முடிவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். திட்டம் முடிந்து கடன்கள் தீர்ந்ததும் சிசிரிஸ் ஏறத்தாழ வெறுமையாக இருக்கும். எஃப்டி கார்டு உண்மையாகவே கைகொடுக்கும் நேரம் அதுதான்.

சம்பளத்தில் பாதிக்கு மேல் கடனுக்குப் போகிறது, ஒரு கார்டை எடுத்து இன்னொரு கார்டைக் கட்டுகிறார் என்றால் மூன்றாவது மாத நோட்டீஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம். பாக்கி விழுவதற்கு முன்பே போகலாம்.

செந்தூல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நாளைக்கே காடி லோன் பிரிவை அழைத்து தனித்தனிக் கணக்கு கேட்கிறேன். கடைசியாக ஒன்று: கார்டு எடுத்து ஒரு வருடம் ஒழுங்காக ஓடிய பிறகு எஃப்டியை எப்படி வெளியே எடுப்பது? கார்டை மூட வேண்டுமா?

ஜாலான் ஈப்போ:

மூட வேண்டியதில்லை. முதலில் பிணை விடுவிப்பைக் கேளுங்கள். காடி லோனிலும் கார்டிலும் பன்னிரண்டு சுழியம் இருக்கும் சிசிரிஸ் அறிக்கை, புது பே ஸ்லிப், இபிஎஃப் அறிக்கை மூன்றையும் எடுத்துக்கொண்டு அதே கிளைக்குப் போய், பிணையில்லாத கார்டாக மாற்றச் சொல்லி எழுதிக்கொடுங்கள். இது தானாக நடக்காது. நீங்கள் கேட்காவிட்டால் எஃப்டி புதுப்பித்துக்கொண்டே பூட்டில் கிடக்கும். எஃப்டி முதிரும் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பாகப் போங்கள், ஏனென்றால் முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டி போய்விடும்.

வங்கி மறுத்தால் இரண்டு வழி. இன்னும் ஆறு மாதம் ஓட்டிவிட்டு மறுபடி கேட்கலாம். அல்லது வேறு வங்கியில் சாதாரண கார்டுக்கு விண்ணப்பித்து, அது கையில் வந்த பிறகு இதை மூடலாம். வரிசை மாறக்கூடாது: இதை முதலில் மூடினால் பன்னிரண்டு மாதப் பதிவும் பட்டியலிலிருந்து போய், புது வங்கிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. இரண்டு வங்கிக் கார்டு வரை உங்களுக்கு அனுமதி உண்டு, ஆகவே இடைவெளியில் இரண்டும் இருப்பதில் தடையில்லை.

மூடும்போது கார்டில் போட்டிருக்கும் பில்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். பிறகு நிலுவையைத் தீர்த்து, எழுத்தில் மூடச் சொல்லி, அடுத்த மாத அறிக்கை சுழியத்தில் வருகிறதா என்று பாருங்கள். மூடிய பிறகு வந்து விழும் சில ரிங்கிட் வட்டியோ மறந்துபோன சந்தாவோ அங்கே 1 ஆக நிற்கும். எஃப்டி விடுவித்த கடிதத்தையும் கார்டு மூடிய கடிதத்தையும் வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள்.